அணைக்கக் கூடாத பெட்டி

ஆயுத பூசைக்கு லீவு கேட்ட ஒரே வேதக்காரி நீதாம்மா என்று சொல்லிச் சிரித்துக்கொண்டேதான் மேனேஜர் ராஜபாண்டி கையெழுத்துப் போட்டார். அனிதா மேரியும் சிரித்து வைத்தாள். அவள் லீவு கேட்டது சரஸ்வதிக்காகவும் இல்லை, செபமாலை மாதத்தின் முதல் நாள் என்பதற்காகவும் இல்லை. இடுப்புக்காகக் கேட்டாள். இரண்டரை மாதமாக ஒரு ஞாயிறுகூட அவளுக்கு முழுசாகக் கிடைத்ததில்லை.

உத்தமபாளையத்தில் சிஸ்டர்கள் நடத்துகிற அந்த மருத்துவமனையில் கரண்டில் ஓடி, திரை வைத்திருக்கிற எதற்கும் அவள் ஒருத்திதான் பொறுப்பு. பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் அனிதா. டோக்கன் போர்டில் நம்பர் மாறாவிட்டால் அனிதா. எலும்பு டாக்டரின் செல்போனில் கல்யாணப் படம் திறக்கவில்லை என்றாலும் அனிதா. வேலைக்குச் சேரும்போது கொடுத்த தாளில் 'சிஸ்டம் நிர்வாகி' என்று போட்டிருந்தார்கள். நிர்வகிக்க அவளுக்குக் கீழே ஒரு ஈ காக்கா கிடையாது. கணவன் எட்வினுக்கு வண்டன்மேட்டில் ஏலக்காய் ஸ்டோரில் வேலை. சனிக்கிழமை மலையிறங்கி வருவான், திங்கள் விடியுமுன் ஏறிவிடுவான். ஆறு வயது மகளையும், சமையலையும், துணியையும், அந்த மருத்துவமனையின் அத்தனை திரைகளையும் ஒரே இடுப்பு தாங்க வேண்டியிருந்தது.

அன்றைக்கு மகளை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இரண்டு வாளித் துணியை ஊறப்போட்டுவிட்டு, அனுமந்தன்பட்டி வீட்டில் ஃபேனுக்கு நேர் கீழே பாயை விரித்துப் படுத்தாள். மணி பதினொன்றரை. கண் அசந்து பத்து நிமிடம் ஆகியிருக்காது, போன் அடித்தது.

"அனிதாம்மா, எல்லாம் போச்சும்மா." ராஜபாண்டியின் குரல் பதறியது. "ஒரு ஸ்கிரீன்லயும் ஒண்ணும் வரல. அந்த எலக்ட்ரீசியன் அம்மாவாசி பெரிய பெட்டிய அணைச்சுப்புட்டான். திருப்பி எந்திரிக்க மாட்டேங்குது."

அதற்கு மேல் தூக்கம் எங்கே? நைட்டியை மாற்றிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

பெரிய பெட்டி என்று மருத்துவமனையில் எல்லோரும் சொல்வது சர்வரை. வருகிற நோயாளியின் பெயர், வயசு, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, போன வருஷம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது, நெஞ்சு எக்ஸ்ரே படம், எல்லாமே அதற்குள். டாக்டர் அறை, லேப், மருந்துக்கடை என்று மற்ற திரைகளெல்லாம் அதைப் பார்த்துத்தான் பேசும். அதை நிறுவியவள் அனிதாதான். ஆறு வருஷம் மூன்று மாதமாக அது ஒருமுறைகூட அணைந்ததில்லை. அந்த அறைக் கதவில் 'அணைக்கக் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தாள். மருத்துவமனை விழாவில் தலைமைச் சிஸ்டர் இவாஞ்சலின் அந்த ஆறு வருஷக் கணக்கை மைக்கில் சொல்லி, எல்லோரும் கை தட்டினார்கள். கம்ப்யூட்டர்க்காரர்களுக்கு இது ஒரு வியாதி. இத்தனை நாள் நிற்காமல் ஓடுகிறது என்பதை, பிள்ளை வகுப்பில் முதல் மார்க் வாங்கிய மாதிரி சொல்லிக்கொள்வார்கள். அனிதாவும் சொல்லிக்கொண்டாள். பெருமை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதிக்கு மேல் பயம். அணைத்தால் எழுமா என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

சாலை நெடுக எல்லா வண்டிக்கும் வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி, மாலை போட்டிருந்தது. உடைத்த பூசணிக்காய்ச் சில்லுகளில் ஒருமுறை ஸ்கூட்டரின் பின்சக்கரம் வழுக்கியது. ஊரில் உள்ள இயந்திரமெல்லாம் இன்றைக்கு ஓய்வெடுக்கிறது, எனக்கு மட்டும் ஓய்வு இல்லை என்று நினைத்தாள். அழுகை வந்தது. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே என்று விட்டுவிட்டாள்.

காய்ச்சல் காலம் என்பதால் பண்டிகை நாளிலும் கூட்டம். சீட்டுக் கொடுக்கும் இடத்தில் ஒரு சிஸ்டர் வெள்ளைத் தாளில் கையால் எழுதிக்கொண்டிருந்தார். வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் மடியில் பிள்ளைகளைப் போட்டுக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார்கள். சர்வர் அறை வாசலில் அம்மாவாசி நின்றார். கையில் பொரிகடலைத் தட்டு. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அம்மாவாசிக்கு ஐம்பத்தைந்து வயசிருக்கும். வருசநாட்டுப் பக்கம் சொந்த ஊர். மருத்துவமனையின் வயரிங், ஜெனரேட்டர், லிப்ட், தண்ணீர் மோட்டார் எல்லாம் இருபத்திரண்டு வருஷமாக அவர் கையில். ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் மருத்துவமனை கொடுத்த ஒற்றை அறை வீட்டில் மனைவி ஜக்கம்மாவோடு குடியிருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை. வேலை இருக்கிற வரைக்கும் வீடு. பிள்ளை கிடையாது, வேறு போக்கிடமும் கிடையாது. அனிதா வேலைக்கு வந்த முதல் வாரத்திலிருந்து அவளை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். ஏ.சி. நின்றுபோன மே மாதத்தில் சர்வர் சூடாகிவிடக் கூடாதே என்று தன் வீட்டு ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்த மனுஷன் அவர்.

"ஆத்தா, வந்துட்டியா," என்றார். "ஒண்ணும் தப்பா நெனச்சுச் செய்யல ஆத்தா. ஜெனரேட்டருக்குப் பொட்டு வச்சேன், லிப்ட்டுக்கு வச்சேன், ஆம்புலன்ஸுக்கு வச்சேன். இது ஆறு வருசமா ராவும் பகலும் ஓடுது, இதுக்கு மட்டும் வைக்காம விட்டா மனசு கேக்கல. ஓடுற மிசினுக்குப் பொட்டு வைக்கக் கூடாதுல்ல. நிப்பாட்டி, ஓய்வு குடுத்துத்தான் வைக்கணும். பிளக்கப் புடுங்கல ஆத்தா, சத்தியமா. பட்டன ஒரு தடவ அமுக்கி, தானா அணையுற வரைக்கும் அங்கனயே நின்னேன். பத்து நிமிசம் கழிச்சுத் திரும்ப அமுக்குனேன். வெளிச்சம் வருது, வேற ஒண்ணும் வரல."

உள்ளே போனாள். பெட்டியின் நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே ஒரு செவ்வந்திப் பூ. ஏ.சி. குளிரில் பூ வாடாமல் இருந்தது. திரையில் கறுப்புப் பின்னணியில் ஒரே ஒரு வரி: துவக்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஆறு வருஷப் பதிவும் போய்விட்டதா? பையில் எப்போதும் வைத்திருக்கும், பெட்டியை ஓட்டுகிற லினக்ஸ் நிரல் ஏற்றிய பென்டிரைவைச் செருகி, அதன் வழியாகப் பெட்டியை எழுப்பினாள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாள். பின்னால் ராஜபாண்டி வந்து நின்று மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

அந்தப் பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்குகள். ஒன்றில் எழுதுவதெல்லாம் அதே நொடியில் மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் இன்னொன்று தாங்கும். அப்படித்தான் அவள் அமைத்திருந்தாள். இப்போது முதல் டிஸ்க் பெட்டியின் கண்ணுக்கே தெரியவில்லை, செத்துவிட்டிருந்தது. இரண்டாவதைத் திறந்தாள். இருந்தது. அத்தனை பெயர்களும், அத்தனை படங்களும், அணைவதற்கு முன் கடைசியாக வந்த குழந்தையின் காய்ச்சல் அளவு வரைக்கும், ஒன்று குறையாமல் இருந்தது.

"பதிவெல்லாம் இருக்கு சார்," என்றாள்.

"மாதாவே," என்றார் ராஜபாண்டி. அவர் கும்பிடுவது வேறு சாமி. ஆனால் இருபது வருஷம் சிஸ்டர்களோடு வேலை செய்தால் வாயில் மாதா வந்துவிடும்.

அந்த நிம்மதி அனிதாவுக்கு ஒரு நிமிடம்தான் நின்றது. பதிவு முழுசாக இருக்கும்போது இரண்டாவது டிஸ்க் ஏன் எழவில்லை? கேள்வி வந்த அடுத்த நொடியே பதிலும் வந்துவிட்டது.

பெட்டிக்குக் கரண்ட் வந்ததும் முதலில் எழுந்து, லினக்ஸ் இன்ன இடத்தில் இருக்கிறது, எடுத்து ஓட்டு என்று சொல்ல ஒரு சின்ன நிரல் வேண்டும். பூட்லோடர் என்பார்கள். டிஸ்க்கின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும். இரண்டு டிஸ்க்குகளை ஜோடியாக ஓடவிட்டால் பதிவுகள் தாமாகவே இரண்டிலும் விழும். பூட்லோடர் அப்படி விழாது. ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதைத் தனித்தனியாகப் போட வேண்டும். நிறுவுகிறபோது முதல் டிஸ்க்கில் தானாகப் போய்விடும். இரண்டாவதில் நிறுவுகிறவர்தான் ஒரு வரி தட்டிப் போட வேண்டும்.

அந்த ஒரு வரியை அனிதா தட்டவில்லை.

அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஏழு மாத வயிறு. கால் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. காலையிலிருந்து இதே அறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சர்வரை ஏற்றி முடித்தபோது கடைசி டவுன் பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது. இரண்டாவது டிஸ்க்கில் பூட்லோடர் போடணும் என்று தாளில் எழுதிக்கூட வைத்தாள். நாளைக்குப் போட்டுக்கலாம் என்று கிளம்பினாள். மறுநாள் ரத்த அழுத்தம் ஏறிப் படுத்தவள்தான். பிள்ளை பிறந்து ஆறு மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தாள். வந்தபோது பெட்டி அழகாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிறதை எதற்குத் தொடுவானேன்?

"அப்ப அந்தாளு அணைச்சதுதானேம்மா காரணம்?" ராஜபாண்டி கேட்டார்.

சுவரில் மணி பன்னிரண்டரை. அனிதா திரையைப் பார்த்தபடியே இருந்தாள். இல்லை சார், நான்தான் என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். ஆனால் போன மாதம்தான், கம்ப்யூட்டர் வேலையை மொத்தமாக மதுரைக் கம்பெனி ஒன்றிடம் விட்டுவிடலாம் என்று சிஸ்டர்களுடைய சபையின் தலைமையிலிருந்து கடிதம் வந்திருந்தது. எங்கள் பிள்ளை வைத்த சர்வர் ஆறு வருஷமாக நிற்காமல் ஓடுகிறது, வேண்டாம் என்று இவாஞ்சலின் சிஸ்டர்தான் மல்லுக்கட்டி வைத்திருந்தார்.

"பாத்துச் சொல்றேன் சார்," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். பொய் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் ராஜபாண்டி வெளியே போன வேகத்தைப் பார்த்தால், அவர் காதில் விழுந்தது என்ன என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது. தெரிந்தே குனிந்துகொண்டாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது.

"ஏன்யா, கதவுல எழுதி ஒட்டியிருக்குல்ல? படிக்கத் தெரியாதா ஒனக்கு?"

"தெரியும் ஐயா. நல்ல நாளு, அஞ்சு நிமிசந்தானேன்னு..."

"ஒன் நல்ல நாளுக்கு எம்பது பேரு காய்ச்சலோட ஒக்காந்திருக்காக. எழுதிக் குடு. எந் தப்புத்தான்னு சாயங்காலத்துக்குள்ள எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு, மேல அனுப்பணும். மாசக் கடைசில கான்ட்ராக்ட் முடியுது. இனிமே புதுப்பிக்கிறதுக்கு இல்ல. வீட்டுக்கும் ஏற்பாடு பண்ணிக்க."

அம்மாவாசி ஏதோ சொன்னார், கேட்கவில்லை. பொரிகடலைத் தட்டை ஜன்னல் திண்டில் வைக்கிற சத்தம் கேட்டது.

அனிதா எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். இடுப்பு வலிக்கிறது, முதலில் பெட்டியை எழுப்புவோம், நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். மூன்றும் உண்மை. களைத்துப்போனவர்களுக்கு உண்மையான சாக்குகள் நிறையக் கிடைக்கும்.

இரண்டாவது டிஸ்க்கைத் திறந்து, உள்ளே நுழைந்து, ஆறு வருஷம் முன்னால் தட்டியிருக்க வேண்டிய அந்த ஒரு வரியைத் தட்டினாள். எட்டு வினாடி எடுத்தது. பிழை இல்லை, முடிந்தது என்று பதில் வந்தது. எட்டே வினாடி. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தலையைக் கையில் தாங்கிக்கொண்டாள்.

பென்டிரைவை எடுத்துவிட்டு பட்டனை அமுக்கினாள். பெட்டி எழுந்தது. ஒவ்வொரு வரியாக ஓடி, கடைசியில் பெயர் கேட்டு நின்றது. மருத்துவமனை முழுக்கத் திரைகளில் வெளிச்சம் வந்தது. லேப் பக்கமிருந்து யாரோ கை தட்டினார்கள். இவாஞ்சலின் சிஸ்டரே டம்ளரில் டீ எடுத்துக்கொண்டு வந்தார்.

"லீவு நாள்ல வந்து காப்பாத்திட்டீங்க அனிதா," என்றார். "நீங்க இல்லன்னா இன்னைக்கு என்ன ஆயிருக்கும்!"

டீ சூடாக இருந்தது. அனிதா குடிக்காமல் கீழே வைத்தாள். "அம்மாவாசியண்ணன் மேல தப்பு..." என்று ஆரம்பித்தாள்.

"பாவம், வெள்ளந்தி மனுஷன்," என்றார் சிஸ்டர். "ஆனா ராஜபாண்டி சொல்றதும் நியாயந்தான். எழுதி ஒட்டினதை மீறினா நாளைக்கு இன்னொருத்தர் ஆக்சிஜனையும் அணைப்பாரு. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு." பிரசவ வார்டிலிருந்து யாரோ கூப்பிட, போய்விட்டார். அவள் ஆரம்பித்த வாக்கியம் பாதியில் நின்றது. அதை முடிக்க அனிதா பின்னாலேயே ஓடவில்லை.

மிச்ச வேலை இருந்தது. அலமாரியில் உறை பிரிக்காமல் கிடந்த புது டிஸ்க்கை எடுத்து, செத்த டிஸ்க்கின் இடத்தில் மாட்டினாள். இரண்டாவதிலிருந்து இதற்கு எல்லாம் நகலாகி வர இரண்டரை மணி நேரம் காட்டியது. காத்திருக்கிற நேரத்தில், முதல் டிஸ்க் எப்போது செத்தது என்று தேடினாள். காலையில் அணைத்தபோது செத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஓர் ஆசை. பாதிப் பழியாவது அந்தப் பட்டனுக்குப் போகுமே.

பெட்டிக்குள் நிர்வாகிக்கு என்று ஒரு தபால் பெட்டி உண்டு. பெட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் அதுவே எழுதிப் போடும். அந்தத் தபாலைத் தன் போனுக்கு வருகிற மாதிரி திருப்பிவிட வேண்டும். அதையும் அவள் செய்யவில்லை. திறந்து பார்த்தாள். போன நவம்பர் இருபத்துமூன்றாம் தேதி முதல் தபால்: ஒரு டிஸ்க் போய்விட்டது, இன்னொன்றில் ஓடுகிறேன். மறுநாள் அதே தபால். அதற்கு மறுநாளும் அதே. கிறிஸ்துமஸ் அன்றைக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, பெரிய வெள்ளிக்கு ஒன்று. தினமும் காலையில் தவறாமல் எழுதியிருக்கிறது. முந்நூற்றுச் சொச்சம் தபால்கள், ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல்.

பத்து மாதமாக ஒற்றை டிஸ்க்கில், எழுப்ப நாதியில்லாமல், மருத்துவமனையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. யு.பி.எஸ். ஒருநாள் சறுக்கியிருந்தால் அன்றைக்கே படுத்திருக்கும். அந்த இரண்டாவது டிஸ்க்கும் போயிருந்தால் எல்லாமே போயிருக்கும். உண்மையில் அம்மாவாசி அணைத்தது நல்லதுக்கு. அவர் அணைத்ததால்தான் தெரிந்தது. அவருக்கு மாலை போட வேண்டிய நாளில் அவரை வீட்டைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது.

அனிதாவுக்குத் தன் மேல் வந்த வெறுப்பு, சத்தம் போட்டு அழ வேண்டும் என்கிற அளவுக்கு இருந்தது. அப்போதும் அவள் எழுந்து போகவில்லை. நகல் நாற்பது சதவீதம், ஐம்பது சதவீதம் என்று ஏறுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

நான்கேகாலுக்கு நகல் முடிந்தது. புது டிஸ்க்கிலும் பூட்லோடரைப் போட்டாள். போட்டால் மட்டும் போதாது, அணைத்துப் பார்க்க வேண்டும். சீட்டு எழுதும் சிஸ்டரிடம் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, பட்டனில் விரலை வைத்தாள். அமுக்கினாள். பெட்டி அணைந்தது. புது டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எழுப்பினாள், பழையதிலிருந்து எழுந்தது. திரும்ப அணைத்து, பழையதைக் கழற்றி, புதியதை மட்டும் வைத்து எழுப்பினாள், எழுந்தது. இரண்டையும் சேர்த்து மாட்டி எழுப்பி, ஜோடியாக ஓடவிட்டாள். கதவுக்குப் போய் அந்தச் சிவப்பு எழுத்துத் தாளைக் கிழித்தாள்.

கிழித்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவாசி வந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் நாலாக மடித்த வெள்ளைத் தாள்.

"வேல முடிஞ்சதா ஆத்தா?"

"முடிஞ்சதுண்ணே."

"ஒரு ஒதவி. மேனேஜர் ஐயா எழுதிக் குடுக்கச் சொன்னாக. எனக்கு எழுத்து கோணக் கோணயா வரும், படிக்கிறவுகளுக்குப் புரியாது. நீ நல்லா எழுதுவ. எழுதிக் குடு, கையெழுத்து மட்டும் நான் போட்டுக்கிறேன்."

அனிதா அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் கோபம் இல்லை. மருந்துச் சீட்டை நீட்டுகிறவர் மாதிரி தாளை நீட்டிக்கொண்டு நின்றார். வாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அட்டையை மடியில் வைத்து, தாளை விரித்து, பேனாவைத் திறந்தாள்.

"என்னன்னு எழுதண்ணே?"

"எழுது ஆத்தா. மேனேஜர் ஐயாவுக்கு அம்மாவாசி எழுதுறது. அணைக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தத பாத்துட்டும் அணைச்சேன். அதுனால பேசண்டுக, டாக்டருக, எல்லாரும் கஷ்டப்பட்டாக. அந்தப் புள்ளையும் லீவ விட்டுட்டு ஓடி வந்துச்சு. அதையும் போடு. தப்பு முழுக்க என்னுதுதான், வேற யாரு மேலயும் இல்ல. இருவத்திரெண்டு வருசத்துல வேற எந்தத் தப்பும் பண்ணல. அது வேணாம், அத விட்டுரு. பெருமையா இருக்கும்."

அவர் சொல்லச் சொல்ல பேனா ஓடியது. அவர் நிறுத்திய பிறகும் ஓடியது. தாளின் பின்பக்கத்துக்கும் போனது. அம்மாவாசி எட்டிப் பார்த்தார்.

"இம்புட்டு எழுதணுமா ஆத்தா?"

"எழுதணும்ண்ணே."

முடித்துக் கீழே ஒரு கையெழுத்துப் போட்டு, தேதி போட்டாள். அம்மாவாசி சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

"எங்கன போடணும்?"

"நீங்க போட வேண்டாம்ண்ணே. நான் போட்டாச்சு."

அவருக்குப் புரியவில்லை. அனிதா தாளைத் திருப்பி முதலிலிருந்து படித்துக் காட்டினாள். சர்வர் எழாததற்குக் காரணம் அம்மாவாசி இல்லை. அவர் முறையாகத்தான் அணைத்தார். இரண்டாவது டிஸ்க்கில் போட வேண்டிய பூட்லோடரை ஆறு வருஷத்துக்கு முன் நான் போடவில்லை. முதல் டிஸ்க் போன நவம்பரிலேயே செத்துவிட்டது. அந்தத் தகவலையும் நான் பார்க்கவில்லை. கரண்ட் போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். என்ன நடவடிக்கை என்றாலும் என் மேல் எடுக்கவும். இப்படிக்கு, அ. அனிதா மேரி.

அம்மாவாசி பேனாவை மூடவில்லை. "அந்தப் பூட்டு என்னாத்தா அது?"

"ரெண்டு ஜெனரேட்டர் இருக்குன்னு வையுங்கண்ணே. ஒண்ணுல மட்டும் ஸ்டார்ட் பண்ற மோட்டார மாட்டிட்டு, இன்னொண்ணுல மாட்டாம விட்டுட்டேன். ரெண்டும் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. மோட்டார் இருந்தது செத்துப்போச்சு. இன்னொண்ணு ஓடுச்சு."

"ஓடுற வரைக்கும் தெரியாது," என்றார் அம்மாவாசி. இருபத்திரண்டு வருஷம் ஜெனரேட்டரோடு இருந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "நிப்பாட்டித் திருப்பி எடுக்கும்போதுதான் தெரியும்."

"ஆமாண்ணே."

"மேனேஜர் ஒத்துக்குவாகளா?"

"ஒத்துக்கலைன்னா அவுக முன்னாலயே அணைச்சு, திருப்பி எடுத்துக் காட்டுறேன். இப்ப ரெண்டும் எந்திரிக்கும்."

அம்மாவாசி பெட்டியைப் பார்த்தார். அதன் மேலிருந்த பூவை எடுத்து, அலமாரி மேல் வைத்தார். பிறகு அனிதாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி வரும் என்று அவள் எதிர்பார்த்தாளோ என்னவோ; வந்தது ஒரு கேள்விதான்.

"இது ஒனக்கு எப்பத் தெரிஞ்சது?"

இப்பத்தான் என்று சொல்லலாம். மத்தியானத்தில் சொன்ன மாதிரியே, பொய்யும் இல்லாமல் மெய்யும் இல்லாமல் எதையாவது சொல்லலாம். அவளுக்கு அலுத்துவிட்டது.

"பன்னெண்டரைக்கேண்ணே."

அவர் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. மனசுக்குள் கணக்குப் போட்ட மாதிரி உதடு அசைந்தது. பேனாவை மெதுவாக மூடிப் பையில் செருகினார்.

"மேனேஜர் ஐயா சத்தம் போட்டது ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுண்ணே."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அனிதா தலையைக் குனிந்துகொண்டு அதற்காகக் காத்திருந்தாள். அவர் திட்டவில்லை.

"ஜக்கம்மா அப்பப் புடிச்சு சாமானக் கட்டிக்கிட்டிருக்கா," என்றார். "அழுதுக்கிட்டே கட்டிக்கிட்டிருக்கா. போயி அவுக்கச் சொல்றேன்."

ஆத்தா என்று சொல்லாமலே போனார்.